குடித்த நாளில் மாத்திரை இல்லை

போன வாரம் என் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். தேனிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலை அவளுக்கு. பெயர் வேண்டாம். தன்னிடம் வருகிறவர்களின் பெயரை அவள் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் பெயரை நான் உங்களிடம் சொல்வது மட்டும் நியாயமா?

காபியை ஆற்றிக்கொண்டே கேட்டேன் — உன்னிடம் வருகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருப்போம் என்றா?

அது இரண்டாவது கேள்வியாம். முதல் கேள்வி வேறு. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "மேடம்... இந்த மாத்திரை சாப்பிடும்போது லேசா சரக்கு போடலாமா?"

நீ என்ன சொல்வாய் என்றேன்.

குடிக்காமல் இருப்பதுதான் நல்லது என்று முதலில் சொல்வாளாம். இப்போது வருகிற மாத்திரைகளில் பெரும்பாலானவை ஒரு சொட்டு மது பட்டதும் விஷமாக மாறிவிடுவதில்லை. ஆனால் மருந்தையும் மதுவையும் கரைக்க உடம்பில் இருப்பது ஒரே ஓர் ஈரல். அதோடு, குடித்தவனுக்கு மாத்திரை நேரம் மறந்துபோகும். அவரவர் ஈரல், அவரவர் சாப்பிடும் மற்ற மருந்துகள் — எல்லாம் வேறு வேறு என்பதால், கொஞ்சமாவது குடிக்கலாமா என்பதை அவரவர் டாக்டரிடம் ஒளிக்காமல் கேட்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"குடிக்கிறவங்களைக்கூடச் சமாளிச்சிருவேன். ரெண்டும் சேரக் கூடாதாமேன்னு குடிக்கிற அன்னைக்கு மாத்திரையை நிறுத்துறாங்க பாரு... அந்த யோக்கியங்களைத்தான் சமாளிக்க முடியல."

எனக்குப் புரையேறிவிட்டது. ஏனென்றால், அப்படி ஒரு யோக்கியரை நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி. என்ற சொல்லே யாருக்கும் தெரியாத காலத்தில், டி.பி. மாத்திரையோடு.

என் அக்கா புருஷன். ஞானமுத்து அத்தான்.

எழுபதுகளின் பிற்பகுதி. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. எஸ்தர் அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அத்தானுக்கு பஜாரில் கடை. மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், பம்புசெட் சாமான்... எஸ்டேட்காரர்களுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மலைமேல், கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்கு ஏறி, ஏலத்தோட்டக்காரர்களிடம் ஆர்டர் எடுத்துக்கொண்டு பொழுது சாய இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்பார். நல்ல கனமான குரல். அவர் கீழ்ச் சுருதியில் பிடித்தால் பெஞ்சு அதிரும்.

அந்தக் குரலில்தான் முதலில் கோளாறு தெரிந்தது. பாட்டு நடுவே இருமல். அடுத்த வாரமும் இருமல். பாடகர் குழுவை நடத்துகிறவர் கையை உயர்த்தினால் மற்றவர்கள் பாட ஆரம்பிப்பார்கள். அத்தான் இரும ஆரம்பிப்பார். அக்கா கஷாயம் கொடுத்தாள், தைலம் தேய்த்தாள், ஜெபம் பண்ணினாள். கடைசியில் பெரியகுளம் ரோட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைச் சோதித்தார்கள்.

டி.பி.

இன்றைக்கு அந்த வார்த்தை உங்களை அவ்வளவாகப் பயமுறுத்தாது. அன்றைக்கு? தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கடைக்கு வரும் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் ஏறக்குறைய சரி என்று சொல்லியிருந்தது. டி.பி. இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

ஆகவே வீட்டுக்குள்ளேயே அதற்கு வேறு பெயர் வைத்தோம். "சளி."

டாக்டரம்மா விவரமாகச் சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் ஊசி, அதோடு தினமும் மாத்திரை, மொத்தம் ஒன்றரை வருஷம். நடுவில் இருமல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிறகு அத்தானைப் பார்த்து, இந்த மாத்திரை சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, ரெண்டும் சேர்ந்தால் ஈரல் கெட்டுவிடும் என்றார். அத்தான் பயபக்தியோடு தலையாட்டினார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அக்காவுக்கு மனத்தாங்கல். சபையில் நிற்கிற மனுஷனைப் பார்த்து எதற்கு அப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று. எல்லாரிடமும் பொதுவாகச் சொல்வதுதான், விடு என்றார் அத்தான்.

அங்கேதான் சிக்கல். அத்தான் குடிப்பார்.

தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. குடித்தே ஆக வேண்டும் என்றால், உடம்புக்கு இது தேவை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, பெர்மிட் எடுக்க வேண்டும். அல்லது மலையேற வேண்டும். கேரள எல்லைக்குள் கால் வைத்துவிட்டால் கள்ளுக்கடை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கில் எத்தனையோ பேருக்குக் குமுளியில் திடீர் திடீரென்று வேலை வருவதற்கு இதுதான் காரணம். அத்தானுக்கும் சனிக்கிழமை ஆர்டர் என்பது பாதிதான். மீதி, கோம்பையைச் சேர்ந்த சுருளியப்பன் என்ற தோட்டக்காரரோடு உட்கார்ந்து இரண்டு கிளாஸ் கள்ளு. சுருளியப்பனின் ஜீப்பில்தான் போவார்கள், வருவார்கள். இறங்கும்போது வாய் நிறைய ஏலக்காயை மென்றுகொண்டே இறங்குவார் அத்தான். ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்தவர் மேல் ஏலக்காய் வாசம் அடிக்காமல் வேறென்ன அடிக்கும்? அக்காவுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

இப்படி மனுஷனுக்கு இரண்டு ரகசியம். கீழே இருக்கிற எங்களுக்கு டி.பி. தெரியும், கள்ளு தெரியாது. மேலே கூட வருகிற சுருளியப்பனுக்குக் கள்ளு தெரியும், டி.பி. தெரியாது. அத்தான் குடியை விட்டால் சுருளியப்பன் ஏன் என்று கேட்பார். உண்மையைச் சொன்னால், ஜீப் மலையை விட்டு இறங்குவதற்குள் செய்தி போடி வரைக்கும் போய்விடும் என்று அத்தானுக்குப் பயம். போடியில்தானே எனக்குப் பார்த்த மாப்பிள்ளை?

அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அந்த ஏற்பாடு எங்களுக்குத் தெரியவந்தது துணி துவைக்கும் கல்லில்.

மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம். சனிக்கிழமை வர நேரமாகிவிடும் என்பதால், அக்கா மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புவாள். ஒரு திங்கட்கிழமை அந்தச் சட்டையை நனைத்துக் கும்முகிறாள் — பைக்குள் வெள்ளையாகக் களி மாதிரி ஏதோ ஒட்டுகிறது. மாத்திரை. அக்கா சட்டையை அப்படியே போட்டுவிட்டு வீட்டைச் சுற்றித் தேட ஆரம்பித்தாள். பின்வாசல் குரோட்டன்ஸ் தொட்டியில், மண்ணோடு மண்ணாக, பாதி கரைந்தும் கரையாமலும் இன்னும் சில.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அக்கா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அவுக சாகத் துணிஞ்சிட்டாக ரூத்து," என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் பட்டது. மருந்தை ரகசியமாகத் துப்புகிற மனுஷன் வேறென்ன நினைத்துக்கொண்டு துப்புவான்? தன்னால் என் கல்யாணம் நின்றுவிடும், கடை போய்விடும் என்று மனசு உடைந்துபோயிருப்பார். கொஞ்ச நாளாகச் சனிக்கிழமை கிளம்பும்போது எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார் என்பதும் அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மலைப்பாதை வேறு. எத்தனை வளைவு, எத்தனை பள்ளம்...

நேரே கேட்டுவிடலாம் என்றேன். கேட்டால் இன்றைக்கே ஏதாவது செய்துகொள்வார் என்று அக்கா அழுதாள். கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? வருகிற சனிக்கிழமை நானும் அவரோடு மலைக்குப் போக வேண்டும். தேக்கடி பார்க்க ஆசை என்று சொல்லிக்கொண்டு. ஆனால் பார்க்க வேண்டியது ஏரியை இல்லை, அத்தானை.

சனிக்கிழமை காலையில் நான் பையோடு வந்து நின்றதும் அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஜீப்பில் பெண்பிள்ளைக்கு வசதிப்படாது, ரோடு மோசம், வாந்தி வரும், யானை வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் தடுக்கத் தடுக்க எங்கள் சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போனது. சுருளியப்பன்தான், பிள்ளை ஆசைப்படுகிறது, ஏறட்டும் என்று முடித்துவைத்தார். ஜீப்பின் பின்பக்கம் அவருடைய கோம்பை நாய் உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் அது என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தது. நான் நாயைக் கவனிக்கவில்லை. ஓர ஸீட்டில் பிடிவாதமாக நானே உட்கார்ந்து, அத்தானை நடுவில் தள்ளி, அவர் சட்டை நுனியை யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்தாகிவிட்டது. பாதி வழியில், சரியாக ஒரு வளைவில், அத்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். என்னைத் தாண்டி இறங்கினார். பள்ளத்துப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார்.

நான் குதித்து ஓடினேன். பின்னாலிருந்து அவர் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, "அத்தான், அக்காவ நெனச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"ஒன்னுக்குப் போறதுக்கு அக்காவ எதுக்கு பாப்பா நெனைக்கணும்?"

அதற்கு மேல் குமுளி வரைக்கும் ஜீப்பில் யாரும் பேசவில்லை. நாய்கூட.

குமுளியில் ஒரு டீக்கடையில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு சேச்சி நடத்துகிற கடை. பழம்பொரி வாங்கிக் கொடுத்து, ஆர்டர் எடுத்துவிட்டு வருகிறோம், இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனார்கள். பழம்பொரி முடிந்தது. இன்னொன்று வாங்கினேன். அதுவும் முடிந்தது. மலை விளிம்பில் ஓர் ஊர், மனசு உடைந்த ஒரு மனுஷன், நான் இங்கே வாழைப்பழ பஜ்ஜியா தின்றுகொண்டிருக்கிறேன்? எழுந்து சேச்சியிடம் கேட்டேன். அவர் தேயிலையை வடிகட்டியபடியே முகவாயால் ஒரு திசையைக் காட்டினார்.

"ஷாப்பில் உண்டாகும், மோளே."

ஷாப் என்றால் கடை. இது எனக்குத் தெரியாதா? அந்தத் தெருவில் இருந்த ஷாப் எல்லாவற்றிலும் தேடினேன். உரக்கடை, ஏலக்காய்க் கடை, டார்ச் லைட் கடை. எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு சுமைதூக்கிதான் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். மலையாளத்தில் வெறுமனே ஷாப் என்றால் அது ஒரே ஒரு கடைதான்.

ஓலை வேய்ந்த கட்டடம். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். உள்ளே பெஞ்சில் அத்தான். முன்னால் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும். கையில் வெள்ளையாக ஒரு கிளாஸ். சுருளியப்பன் ஏதோ சொல்ல, அத்தான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சாகப்போகிற மனுஷன் அப்படிச் சிரிக்க மாட்டான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷ அழுகை. தன் வீட்டு ஆம்பிளை கள்ளுக்கடையில் உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட பெண் அந்தக் குமுளி எல்லையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அத்தான்... நீங்க குடிக்கத்தானா வந்தீக?" என்றேன்.

கிளாஸ் அவர் கையிலேயே நின்றது.

இறங்கும்போது சின்னமனூரில் சுருளியப்பன் டீசல் போட நிறுத்தினார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரியின் நிழலில் நின்று, மாத்திரை விஷயம் எங்களுக்குத் தெரியும் என்று சொன்னேன். அக்கா எதை நினைத்துப் பயந்துபோயிருக்கிறாள் என்பதையும் சொன்னேன். அத்தான் அதிர்ந்துபோய்விட்டார். பிறகு, தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"டாக்டரம்மா ரெண்டும் சேரக் கூடாதுன்னு சொன்னாக. நான் ஒரு நாளும் சேத்ததில்ல பாப்பா. வெள்ளிக்கிழமையே மாத்திரைய நிறுத்திருவேன், வயிறு சுத்தமாகட்டும்னு. ஞாயித்துக்கெழமையும் போட மாட்டேன். உள்ள மிச்சம் மீதி இருந்துச்சுன்னா எதுக்கு வம்பு?"

எவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன் பாருங்கள். குடிப்பது வாரத்தில் ஒரு நாள். அதற்காக மருந்துக்கு மூன்று நாள் லீவு.

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அத்தான் முழுசாக இறங்கி வருவதைப் பார்த்ததும் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். என்ன நடந்தது, குதிக்கப் பார்த்தாரா என்று கேட்டாள்.

"குதிக்க இல்லக்கா," என்றேன். "குடிக்க."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்று அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. உதடு துடித்துக்கொண்டிருந்தது. நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

பிறகு ஒரு கண் மட்டும் மெதுவாகத் திறந்தது.

"என்னத்தக் குடிக்க?"

அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் விவரிக்கப் போவதில்லை. சத்தமே இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அக்கா கத்தவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. அத்தானிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். சாப்பாடு வந்தது, வெந்நீர் வந்தது, துவைத்த சட்டை வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அத்தான் பாடவே இல்லை; வாயை மட்டும் அசைத்தார்.

திங்கட்கிழமை மூன்று பேருமாக டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் முதலில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பழைய ஃபிலிமை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சின்னதாகியிருக்க வேண்டிய நிழல் சின்னதாகவில்லையாம். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, ஆனாலும் மறைக்காமல், தன் ஏற்பாடு முழுவதையும் சொன்னார். கடைசியில், இரண்டையும் சேர்த்ததே இல்லை என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"குடிக்காதீங்கன்னு சொன்னேன். குடிச்சிட்டா என்ன செய்யணும்னு சொல்லாம விட்டுட்டேன். அதை இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. என்ன ஆனாலும் மாத்திரை நிக்கக் கூடாது. குடிச்சாலும் மாத்திரை போடணும். போட்டுட்டு மறுநாள் காலையில எங்கிட்ட வந்து, குடிச்சிட்டேன்னு சொல்லணும்."

அப்படியானால் இரண்டும் சேர்ந்துவிடுமே என்று அத்தான் குழம்பினார். சேரத்தான் கூடாது, அதற்கு நிறுத்த வேண்டியது கள்ளை, மாத்திரையை இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். விட்டுவிட்டு மருந்து சாப்பிட்டால் கிருமி சாகாது. அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் அதே மருந்தை எவ்வளவு கொடுத்தாலும் பலிக்காது. அடுத்த மருந்து இதைவிடக் கடுமையானது, எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. குடித்தால் ஈரல் கெடும் என்பதும் நிஜம்தான். கண் மஞ்சளானாலோ, சோற்றைப் பார்த்தாலே குமட்டினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்றார்.

அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் இரண்டு பேரும் ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதுவரைக்கும் அத்தானுக்கு இது உறைக்கவில்லை. தன் நெஞ்சு, தன் மாத்திரை, தன் கள்ளு என்றுதான் இருந்தார். எங்களுக்கு எதற்கு எக்ஸ்ரே என்று கேட்டார். ஒரே வீட்டில் இருக்கிறார்கள், உங்கள் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார் டாக்டரம்மா.

ஃபிலிம் கழுவி வரும் வரைக்கும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் எங்களோடு உட்காரவில்லை. தூரமாக, வேப்பமரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இருமல் வந்தபோது துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். அப்புறம் இன்னும் கொஞ்சம். இப்படியே போனால் மனுஷன் பெரியகுளத்துக்கே போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

எங்கள் இரண்டு பேர் நெஞ்சும் சுத்தம் என்று டாக்டரம்மா வந்து சொன்னார். அக்கா எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனாள். கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். பக்கத்தில் இருந்த குழாயில் டம்ளரைப் பிடித்தாள்.

"வாயத் தொறங்க," என்றாள். இரண்டு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

அத்தான் திறந்தார். விழுங்கினார். அக்கா நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து மாத்திரை முடிகிற வரைக்கும் தினமும் இந்தச் சோதனை நடந்தது. பிற்பாடு டி.பி. மாத்திரையை ஆள் முன்னால் விழுங்கச் சொல்லி அரசாங்கமே திட்டம் போட்டது என்று கேள்விப்பட்டபோது, எங்கள் அக்காவைக் கேட்டுத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, மலைமேல் சுருளியப்பனுக்கு என்ன பதில் சொல்வது?

முதல் சனிக்கிழமை, தனக்கு மூலம் என்று அத்தான் சொன்னார். சுருளியப்பன் உடனே ஒரு நாட்டு மருந்து சொன்னார். அதைக் கள்ளில் கலக்கித்தான் சாப்பிட வேண்டுமாம். அடுத்த சனிக்கிழமை, மூலம் இல்லை சர்க்கரை என்று மாற்றினார். அதோடு குமுளியில் எல்லாக் கடையிலும் அவருக்குச் சர்க்கரை போடாத டீ வர ஆரம்பித்தது. அத்தானுக்கு டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை வேண்டும். கள்ளை விட்டது பெரிதாகத் தெரியவில்லை, அந்த டீயைத்தான் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னார். மூன்றாவது சனிக்கிழமை ஜீப்பிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்கு டி.பி., ஒன்றரை வருஷம் குடிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லிவிடாதே, எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போடியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சுருளியப்பன் வண்டியை ஓரம் கட்டினாராம்.

"அண்ணாச்சி, எனக்கு ரெண்டு வருசமா வயித்தெரிச்சல். கள்ளு உள்ள போனாலே நெருப்பு மாதிரி இருக்கு. நீங்க கோவிச்சுக்குவீகளேன்னுதான் நானும் வந்து ஒக்காந்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பெரிய மனுஷர்கள். ஒருத்தருக்கு நெஞ்சு சரியில்லை, ஒருத்தருக்கு வயிறு சரியில்லை. ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகடிக்கக் கூடாதென்று வாரா வாரம் மலையேறிக் குடித்திருக்கிறார்கள். அதற்கப்புறமும் அந்தக் கடைக்குப் போனார்கள். கப்பையும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டு இறங்கினார்கள். சுருளியப்பன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகவில்லை.

போனது அத்தான் வாயிலிருந்துதான்.

போடிக்காரர்கள் என்னைப் பார்க்கச் சாயங்காலமாக வந்தார்கள். பேச்சு நீண்டு, சாப்பாட்டு நேரமும் தாண்டி, மாத்திரை நேரம் வந்துவிட்டது. அக்கா கதவோரம் நின்று கண்ணைக் காட்டினாள். அத்தான் மாப்பிள்ளையின் அப்பாவிடம் பம்புசெட் பற்றிப் பேசுகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. அக்கா கொஞ்சம் பொறுத்தாள். அப்புறம் நேரே கூடத்துக்கு வந்து, ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் டம்ளருமாக அவர் முன்னால் நின்றுவிட்டாள். நாக்கை மட்டும் தூக்கச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு மரியாதை.

இது என்ன மாத்திரை என்று மாப்பிள்ளையின் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். சளி என்று சொல்லியிருக்கலாம். அத்தான் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. ஒளித்து ஒளித்து அவர் களைத்துப்போயிருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"டி.பி.க்கும்மா," என்றார். "இப்ப யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. ரூத்துக்கு ஒன்னுமில்ல, எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சு."

தட்டில் இருந்த கேசரி அப்படியே இருந்தது. மரியாதையாகவே எழுந்தார்கள், மரியாதையாகவே போனார்கள். ஒரு வாரம் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள் — ரொம்பவும் ஜெபித்துப் பார்த்தோம், கர்த்தரிடமிருந்து பதில் வரவில்லை.

அழுதேனா? அழுதேன். மாப்பிள்ளைக்கு மீசை நன்றாக இருந்தது. ஆனால் அடுத்த வருஷம் வந்தவர்களிடம் அத்தான் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த மாப்பிள்ளை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டார். அவரோடுதான் இன்றைக்கு வரைக்கும் குடித்தனம். மீசை சுமார்தான்.

விட்டுப்போன நாட்களுக்காக அத்தானுக்கு மருந்துக் காலத்தை நீட்டினார்கள். கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, குணமாகிவிட்டது, மாத்திரை போதும் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு நாங்கள் எல்லாரும் கூடவே இருந்தோம். அத்தான் எழுந்து கும்பிட்டார். ஆனால் கிளம்பவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார் — மருந்துதான் முடிந்துவிட்டதே, இனிமேல் எப்போதாவது, லேசாக...?

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஈரல் உங்களுது, பாத்து நடந்துக்கங்க. மத்தபடி இது இனிமே டாக்டர் சமாச்சாரம் இல்ல. உங்க வீட்டம்மாதான் பதில் சொல்லணும்."

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது. கட்டன் சாயாவோடு காலத்தைத் தள்ளினார், பாவம்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். குடிக்கலாமா என்று கேட்கிறவர் எல்லாரும் குடிக்காகத்தான் கேட்கிறார்களா? அத்தானுக்கு வேண்டியிருந்தது சனிக்கிழமையும், ஒரு சிநேகிதரும், மற்றவர்களைப் போலத் தானும் உட்கார்ந்து சிரிக்கிற ஒரு பெஞ்சும். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாததால்தான் மாத்திரையைத் தொட்டியில் போட்டார். கேட்கிற கேள்விக்கு முறைக்காமல் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால், பாதிப் பேர் மாத்திரையை விழுங்கிவிடுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். வயசில் வேண்டுமானால் ஒன்றிரண்டு குறைத்துக்கொள்ளலாம்... நான் அப்படித்தான்.